இல்லாத சுவரிலிருந்து வந்த எதிரொலி

உங்கள் ஊரில் பெரிய கோயில் ஒன்று இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அதன் மதிலுக்கு எதிரே முப்பது தப்படி தள்ளி நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அடங்கியவுடன் அதே ஓசை மதிலிலிருந்து திரும்பி வரும். பத்துத் தப்படி தூரத்திலிருந்து தட்டினால் அப்படித் தனியே கேட்காது. காரணம் உங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஓர் ஓசைக்கும் அதன் எதிரொலிக்கும் இடையே ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடியாவது இடைவெளி இருந்தால்தான் நம் காது அவற்றை இரண்டாகப் பிரித்து உணரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. பத்தில் ஒரு விநாடியில் 34 மீட்டர். போய்த் திரும்ப 34 மீட்டர் என்றால் சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு சிறிய இசைப்பதிவுக் கூடத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். அந்தக் கூடத்தின் நீளம் மொத்தமே பத்து மீட்டர் அளவுதான். ஆனால் அங்கே பதிவான பாட்டுகளில், இருபது மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு சுவரிலிருந்து வருவதைப் போன்ற எதிரொலி கேட்கிறது. அப்படி ஒரு சுவர் அங்கே இல்லை.

யூனியன் அவென்யூ, 706

மிசிசிப்பி ஆற்றங்கரையில், பருத்தி வாணிகத்தால் வளர்ந்த நகரம் மெம்பிஸ். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு வானொலி நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர் சாம் பிலிப்ஸ். அலபாமா மாநிலத்துக் குடியானவக் குடும்பத்தில் 1923-ல் பிறந்தவர். 1950 ஜனவரியில், தமது 27-ஆம் வயதில், யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்தை மாதம் 150 டாலர் வாடகைக்குப் பிடித்து, ‘மெம்பிஸ் ரிக்கார்டிங் சர்வீஸ்’ என்று பலகை மாட்டினார். பகலில் வானொலி வேலை, மற்ற நேரத்தில் சொந்தக் கூடம். எதையும், எங்கும், எப்போதும் பதிவு செய்து தருவோம் என்று விளம்பரம் செய்தார். கலியாணமா, வருகிறேன். சவ ஊர்வலமா, அதற்கும் வருகிறேன். சில டாலர்கள் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து தம் குரலைத் தட்டில் பதிந்து எடுத்துப் போகலாம்.

ஆனால் வாடகை கொடுப்பதற்காகத்தான் இந்த வேலைகள். அவர் கூடத்தைத் திறந்த நோக்கம் வேறு. அந்நாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர்–கறுப்பர் பாகுபாடு சட்டமாகவே இருந்தது. பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு, குடிநீர்க் குழாய்கூட வேறு. மெம்பிஸ் நகரத் தெருக்களிலும் சுற்றுப்புறப் பருத்திக் காடுகளிலும் கறுப்பு இசைவாணர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால் சிகாகோ போன்ற தொலைதூர நகரங்களுக்குப் போக வேண்டும். அந்த இசை பதிவாகாமலே மறைந்து போகக்கூடாது என்பது பிலிப்ஸின் எண்ணம். அந்த ஊரில் அப்போது ஒரு வெள்ளைக்கார இளைஞர் இப்படி எண்ணியதும், எண்ணியபடி நடந்ததும் சிறு செய்தி அல்ல. வானொலி நிலையத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். 1951-ல் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழும். இசைப்பதிவு என்பது பெருங் கம்பெனிகளின் தொழிலாயிற்றே, தனி மனிதர் ஒருவரால் எப்படி முடிந்தது? விடை, கால் அங்குல அகலமுள்ள ஒரு பழுப்பு நிற நாடாவில் இருக்கிறது.

நாடா செய்த புரட்சி

அதற்கு முன்பு இசையைப் பதிவு செய்தது ஊசி. ஒலிவாங்கி தரும் மின் அலைகளுக்கு ஏற்ப ஓர் ஊசி அசைந்து, சுழலும் மெழுகுத் தட்டிலோ அரக்கு பூசிய அலுமினியத் தட்டிலோ பள்ளம் வெட்டும். வெட்டியது வெட்டியதுதான். பாடகர் மூன்றாவது நிமிடத்தில் இருமினால் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிலிப்ஸும் தொடக்கத்தில் இப்படித் தட்டில் பதிவு செய்தவர்தான்.

காந்த நாடாவின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பூசி, அதை ஒரு மின்காந்தத்தின் முன் ஓட்டினால், ஒலிக்கேற்ப மாறும் காந்தப் புலம் துகள்களில் பதிந்து நின்றுவிடும். 1935-ல் இந்த அடிப்படையில் ‘மேக்னட்டோபோன்’ என்னும் கருவியைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தார்கள். 1940-ல் அதில் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. நம் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண்ணுள்ள மின்னோட்டத்தை ஒலியோடு கலந்து பதிந்தால் இரைச்சல் வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் அத்தகைய இரு கருவிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவற்றை அடியொற்றி, கலிபோர்னியாவில் ‘ஆம்பெக்ஸ்’ என்னும் சிறு கம்பெனி 1948-ல் தன் முதல் நாடாப் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இதனால் என்ன மாறியது என்று பாருங்கள். பிழையாகப் போனால் நாடாவைத் துடைத்துவிட்டு மீண்டும் பாடலாம். நல்ல பகுதியையும் நல்ல பகுதியையும் வெட்டி ஒட்டலாம். பாடகர் பயமில்லாமல் பாடுவார், பத்துத் தடவை பாடுவார். பிலிப்ஸைப் போன்ற கையில் காசில்லாத மனிதருக்கு இது பெரிய வரம். துடைத்த நாடாவையே மறுபடி பயன்படுத்தலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்ததால் பின்னாளில் பொக்கிஷமாகியிருக்க வேண்டிய எத்தனையோ ஒத்திகைப் பதிவுகள் அழிந்து போயின என்பது வேறு கதை. சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு.

கூடம் சுமார் 18 அடி அகலமும் 30 அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உடையது. கூரையைச் சமதளமாக விடாமல், மேடும் பள்ளமுமாக ‘வி’ வடிவ மடிப்புகளில் ஒலியை உறிஞ்சும் ஓடுகளைப் பதித்தார் பிலிப்ஸ். ஏன் அப்படி? இணையான இரு சமதளப் பரப்புகளுக்கிடையே ஒலி பந்து போல முன்னும் பின்னும் துள்ளும். அதனால் சில சுரங்கள் மட்டும் வேண்டாத அளவுக்கு ஓங்கும், சில மங்கும். கூரை மடிந்திருந்தால் ஒலி பல திசைகளில் சிதறிவிடும்.

கிழிந்த ஒலிபெருக்கி

1951 மார்ச் மாதம் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் ஊரிலிருந்து ஐக் டர்னர் என்னும் இளைஞரின் குழு காரில் மெம்பிஸ் வந்து சேர்ந்தது. கூடத்தில் பெட்டிகளை இறக்கினால், கிட்டார் வாசிப்பவரின் ஒலிபெருக்கி பழுதாகிக் கிடக்கிறது. வழியில் கார்மேலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று ஒரு கதை. எப்படியோ, உள்ளேயிருந்த காகிதக் கூம்பு கெட்டுப் போயிற்று.

ஒலிபெருக்கியின் உயிர் இந்தக் கூம்புதான். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்க, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. கூம்பு கிழிந்தால் கரகரவென்று கேட்கும். திருவிழாவில் பழைய ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியில் நின்றவர்கள் எல்லோருக்கும் இந்த ஓசை தெரியும்.

வேறு யாராவது இருந்தால் அன்றைய வேலையைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். பிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கிக் கூம்புக்குள் திணித்தார். வாசிக்கச் சொன்னார். கரகரப்பு மறையவில்லை, ஆனால் மாறிவிட்டது. கிட்டாரின் ஓசை தடித்து, சாக்சபோனைப் போல ஒலித்தது. ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அப்படியே பதிவு செய்துவிட்டார்.

இதில் உள்ள பௌதிகத்தைக் கவனியுங்கள். ஒரு தந்தி விநாடிக்கு 200 முறை அதிர்ந்தால், அதனுடன் 400, 600, 800 என்று மேற்சுரங்களும் மெல்லியதாகச் சேர்ந்தே எழுகின்றன. கூம்பு தடையின்றி அசைந்தால் உள்ளது உள்ளபடி வெளிவரும். அசைவின் ஒரு கட்டத்தில் கூம்பு காகிதத்தில் முட்டி அதிர்ந்தால், அலையின் வடிவம் சிதைகிறது. சிதைந்த அலையில் புதிய மேற்சுரங்கள் நிறையப் பிறக்கின்றன. காதுக்கு அது செழுமையாகவும் முரட்டுத்தனமாகவும் படுகிறது. பொறியாளர் பார்வையில் குறைதான். இசைவாணர் பார்வையில்? தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, அது ‘ஜீவா’ பேசும் வரை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார்களே, அது ஏன்? தந்தி வளைந்த குதிரையைத் தொட்டும் தொடாமலும் உரசி மேற்சுரங்களை எழுப்ப வேண்டும் என்பதற்காகத்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கிடையே வைக்கோல் துணுக்குகளைச் செருகுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆகவே பிலிப்ஸ் செய்தது நமக்கு விபரீதமாகத் தோன்ற வேண்டியதில்லை.

‘ராக்கெட் 88’ என்ற அந்தப் பாட்டை ஜாக்கி பிரென்ஸ்டன் பாடினார். அப்போது பிலிப்ஸிடம் சொந்த இசைத்தட்டுக் கம்பெனி இல்லை. சிகாகோவின் ‘செஸ்’ கம்பெனிக்குப் பதிவைக் கொடுத்தார். அவ்வாண்டு கோடையில் கறுப்பினத்தார் இசைக்கான விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. ராக் அண்ட் ரோல் இசையின் முதல் தட்டு இதுவே என்பார் பலர். இப்படி ‘முதல்’ என்று கோடு கிழிப்பது இசையில் எளிதல்ல என்பது என் கருத்து. கிட்டாரின் கரகரப்பை வேண்டுமென்றே நாடும் பழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி என்று சொன்னால் தவறில்லை.

அடுத்த ஆண்டு, 1952-ல், பிலிப்ஸ் தம் சொந்தத் தட்டுகளை ‘சன்’ என்ற பெயரில் வெளியிடத் தொடங்கினார். 1953 ஜூன் முதல் நாள் நாஷ்வில் சிறைச்சாலையிலிருந்து ஐந்து கைதிகள் ஆயுதக் காவலோடு கூடத்துக்கு வந்து பாடிவிட்டுச் சிறைக்குத் திரும்பினார்கள். ‘பிரிசனேர்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர்.

இரண்டு அங்குலமும் பதினைந்து அங்குலமும்

இப்போது எதிரொலிக்கு வருவோம். 1954-ல் பிலிப்ஸ் ஆம்பெக்ஸ் 350 வகைக் கருவிகள் இரண்டை வாங்கினார். அக்கருவியில் நாடா மூன்று காந்தத் தலைகளை வரிசையாகக் கடந்து செல்லும். முதல் தலை பழையதைத் துடைக்கும். இரண்டாவது, புதியதைப் பதியும். மூன்றாவது, பதிந்ததை உடனே படித்துக் காட்டும். பதிவு சரியாக வருகிறதா என்று அப்போதைக்கப்போதே கேட்டுச் சரிபார்க்கத்தான் அந்த மூன்றாவது தலை.

பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே ஏறத்தாழ 2 அங்குலம். நாடா ஓடும் வேகம் விநாடிக்கு 15 அங்குலம். ஆகவே பதிந்த ஓசை படிக்கும் தலையை அடைய 2-ஐ 15-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.13 விநாடி ஆகிறது. பாடகர் இப்போது பாடியதை மூன்றாவது தலை 0.13 விநாடி கழித்துச் சொல்கிறது!

பிலிப்ஸ் செய்தது இதுதான். பாட்டை முதல் கருவியில் பதிந்தார். அதே ஒலியின் ஒரு கிளையை இரண்டாவது கருவிக்கு அனுப்பினார். அதன் படிக்கும் தலையிலிருந்து தாமதமாக வரும் ஒலியை எடுத்து, அளவாக, நேர் ஒலியோடு கலந்து முதல் கருவியில் சேர்த்தார். அவ்வளவே. பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு நிழல் விழுந்தது.

தொடக்கத்தில் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 0.13 விநாடியில் ஒலி செல்லும் தூரம் சுமார் 44 மீட்டர். சுவர் 22 மீட்டருக்கு அப்பால் இருப்பதாகப் பொருள். நீங்கள் மதிலிலிருந்து நின்ற முப்பது தப்படியும் ஏறத்தாழ இதுவே. கூடத்தின் உண்மையான கடைச் சுவரோ பத்து மீட்டரில். அதிலிருந்து திரும்பும் ஒலிக்கு 0.06 விநாடிதான் ஆகும், தனியே கேட்காது. நாடாதான் அந்த இல்லாத சுவரை எழுப்பியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலியைப் பிரித்தறியும் எல்லை பத்தில் ஒரு விநாடி என்றோம். 0.13 அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. முற்றிலும் கலக்கவும் இல்லை, முற்றிலும் பிரியவும் இல்லை. நாடாவின் வேகத்தைப் பாதியாக்கி ஏழரை அங்குலம் ஆக்கினால் தாமதம் 0.27 விநாடி ஆகும். துரிதமான பாட்டில் அது அடுத்த சொல்லின்மேல் ஏறிக்கொண்டு குழப்பம் செய்யும்.

நாடாவைக் கொண்டு எதிரொலி செய்தவர்களில் பிலிப்ஸ் முதல்வர் அல்லர். லெஸ் பால் என்ற கிட்டார் மேதை முன்பே இத்தகைய வித்தைகளைக் கையாண்டார். அதற்கும் முன்னால், 1947-ல், சிகாகோவில் தனிக் கூடம் நடத்திய பில் புட்னம் என்பவர் குளியலறையில் ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் வைத்து முழக்கத்தை உண்டாக்கினார். ஓடு பதித்த சுவர்கள் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும் அல்லவா? குளியலறையில் பாடினால் எல்லோரும் பாடகர் ஆகிவிடுவதன் இரகசியமும் அதுவே.

1954 ஜூலை 5 அன்று 19 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் அந்தக் கூடத்தில் பாடினார். முந்தின ஆண்டு காசு கொடுத்துத் தம் குரலைத் தட்டில் பதிந்துகொள்ள வந்த பையன்தான். பெயர் எல்விஸ் பிரெஸ்லி. கூட ஒரு கிட்டார், ஒரு பெரிய பாஸ் வாத்தியம். தாள வாத்தியமே கிடையாது. பாஸ் வாசித்தவர் தந்தியை இழுத்துப் பலகையில் ‘பட்’ என்று அறையவிட்டார். எதிரொலி சேர்ந்தபோது அந்த ஒரு ‘பட்’ இரண்டாகி, தாளத்தின் இடைவெளிகளை நிரப்பிற்று. மூன்று பேர் வாசித்தது ஐந்து பேர் வாசித்தது போல் ஆயிற்று. 1956-ல் ஜானி கேஷ் என்பவர், தம் குழுவிலும் தாள வாத்தியம் இல்லாததால், கிட்டார்த் தந்திகளுக்கிடையே காகிதத்தைச் செருகி, முரசில் தூரிகையால் தேய்ப்பது போன்ற ஓசையை வருவித்தார். அந்தக் கூடத்தில் காகிதத்துக்கு நல்ல மதிப்பு!

வெற்றியால் வந்த நெருக்கடி

இவ்வளவு பேரும் புகழும் வந்த பின் பிலிப்ஸ் பணக்காரர் ஆகியிருப்பார் என்று நினைப்பீர்கள். நேர்மாறாக நடந்தது. தட்டு அழுத்தித் தரும் ஆலைக்கு உடனே பணம் தர வேண்டும். விற்பவர்களோ மாதங்கள் கழித்துத் தருவார்கள், விற்காததைத் திருப்பியும் அனுப்புவார்கள். ஆயிரம் தட்டு விற்றால் ஆயிரத்துக்கான முதல் முடங்கும், இலட்சம் விற்றால் இலட்சத்துக்கான முதல் முடங்கும். சிறு கம்பெனிக்கு ஒரு பெருவெற்றியே கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிடும். பிலிப்ஸ் தட்டுகளைத் தம் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். பாட்டுரிமை வழக்கு ஒன்றில் தோற்றுப் பணம் கட்டவும் நேர்ந்தது.

1955 நவம்பரில் அவர் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. என்னும் பெருங் கம்பெனிக்கு 35,000 டாலருக்கு விற்றார். எல்விஸுக்குத் தர வேண்டியிருந்த 5,000 டாலர் பாக்கியையும் அக்கம்பெனியே ஏற்றது. பின்னால் நடந்ததை அறிந்த நமக்கு இது பேதைமையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பணம் கடனை அடைத்துக் கூடத்தைக் காப்பாற்றியது. சில வாரங்களிலேயே அவர் வெளியிட்ட கார்ல் பெர்கின்ஸின் ‘புளூ ஸ்வேட் ஷூஸ்’ பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. விற்றிராவிட்டால் அந்தத் தட்டை அழுத்தவே அவரிடம் பணம் இருந்திருக்காது.

ஆர்.சி.ஏ.யின் பொறியாளர்கள் 1956 ஜனவரியில் எல்விஸை நாஷ்வில்லில் பாட வைத்தார்கள். மெம்பிஸின் அந்த எதிரொலி எப்படி வந்தது என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை. நடைகூடத்தில் ஒலிபெருக்கியை வைத்து, மறுகோடியில் ஒலிவாங்கியை வைத்தார்கள். கிடைத்தது வேறொன்று. நடைகூடத்தின் பல சுவர்களிலிருந்தும் ஒலி நூறு வழிகளில் திரும்பி ஒன்றோடொன்று கலந்து நீண்ட முழக்கமாயிற்று. நாடா தந்ததோ ஒரே ஒரு தெளிவான எதிரொலி. ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பாட்டை சன் தட்டுகளோடு அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வேறுபாட்டை நீங்களே உணரலாம்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. எல்விஸ் வெற்றி பெற்ற பிறகு பிலிப்ஸின் கவனம் வெள்ளையினப் பாடகர்கள்பால் திரும்பிவிட்டது. யாருக்காகக் கூடம் திறக்கப்பட்டதோ அவர்களுக்கு அங்கே இடம் குறைந்தது. சன் கம்பெனிக்கு முதன்முதலில் நல்ல விற்பனையைத் தேடித் தந்தவர் ரூபஸ் தாமஸ் என்ற கறுப்பினப் பாடகர். அவர் இந்த வருத்தத்தைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். எதிரொலிக்குக் கணக்குப் போடலாம், இதற்கு முடியாது.

1956 டிசம்பர் 4 அன்று கார்ல் பெர்கின்ஸின் பதிவு நடந்துகொண்டிருந்தபோது எல்விஸ் சும்மா பார்த்துப் போக வந்தார். பியானோவில் ஜெர்ரி லீ லூயிஸ் இருந்தார். ஜானி கேஷும் சேர்ந்துகொண்டார். எல்லோருமாகப் பழைய பக்திப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார்கள். பொறியாளர் ஜாக் கிளெமெண்ட் நாடாவை ஓடவிட்டார். ஊசியும் தட்டும் மட்டும் இருந்த காலமாயிருந்தால் யார் இப்படி வீணாக்கத் துணிவார்கள்? அந்தப் பதிவு 1981-ல்தான் முதன்முதலாக இசைத்தட்டாக வெளிவந்தது.

1960-ல் பிலிப்ஸ் மாடிசன் அவென்யூவில் பெரிய புதிய கூடம் ஒன்றைத் திறந்தார். 1969-ல் சன் கம்பெனியையும் விற்றார். மெம்பிஸிலேயே தொடங்கிய ‘ஹாலிடே இன்’ ஓட்டல் கம்பெனியில் முன்னதாகப் போட்டிருந்த பங்குகள் அவருக்கு நல்ல வருவாய் தந்தன. பாட்டு தராததை ஓட்டல் தந்தது! பழைய 706-ஆம் எண் கட்டடம் பல ஆண்டுகள் வேறு வேறு உபயோகங்களில் இருந்துவிட்டு, 1987-ல் மீண்டும் பதிவுக் கூடமாயிற்று. பகலில் பார்வையாளர்கள் வருகிறார்கள், இரவில் பதிவு நடக்கிறது. மடிப்புக் கூரை அப்படியே இருக்கிறது. சாம் பிலிப்ஸ் 2003 ஜூலை 30 அன்று மறைந்தார். அந்தச் சிறு கட்டடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது அதற்கு மறுநாள்.